அமெரிக்க காண்ட்ராக்ட் டிராஃப்டிங் கோர்ஸ், 48,500 ரூபாய்: வாங்கலாமா?

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு வசதி. ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் பாடத்துக்கு. வேலை வாங்கித் தருவோம் என்று சொன்னார்களே, அதற்கு முட்டை.

கம்பெனி பெயரைப் போடவில்லை. பயம் என்று நினைக்காதீர்கள், நோட்டீஸ் அனுப்புவதும் பதில் நோட்டீஸ் கொடுப்பதும்தான் நம் பிழைப்பே. விஷயம் இப்போது கடுதாசி அளவில் ஓடிக்கொண்டிருப்பதால் பெயர் வேண்டாம். தவிர, இதே அச்சில் வார்த்த கம்பெனிகள் ஏகப்பட்டது இருக்கின்றன. உங்கள் போனில் வரும் ரீல்ஸில் கோட்டு போட்ட ஒருவர் லேப்டாப்பை மூடிக்கொண்டே “வக்கீல் நண்பர்களே” என்று ஆரம்பித்தால் அது இதுதான், அல்லது இதன் தம்பி.

நான் பாளையங்கோட்டையில் சிவில் பார்க்கிறேன். நெல்லை அரசு சட்டக் கல்லூரியில் படித்து 2008-ல் என்ரோல் ஆனவன். பாகப்பிரிவினை, செக் கேஸ், கொஞ்சம் எம்.சி.ஓ.பி. (வாகன விபத்து நஷ்டஈட்டு வழக்கு), பேங்க் கடனுக்குச் சொத்துப் பத்திரம் பார்த்து லீகல் ஒப்பீனியன். ஆபீசில் குமாஸ்தா ஒருவர், ஜூனியர் ஒருத்தி. அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பிள்ளை. மாதம் 5,000 கொடுத்துக்கொண்டிருந்தேன். எழுதவே கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லாமல் இந்த ரிவ்யூவை எழுத முடியாது, ஏனென்றால் கோர்ஸ் வாங்கியதே அதனால்தான்.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது ஞாபகம் இருக்கும். ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 குறைந்தபட்சம் கொடுக்க வேண்டும் என்று. பார் கவுன்சில் சுற்றறிக்கை வந்த அன்றைக்கு அசோசியேஷன் ரூமில் ஒரே சிரிப்பு. ஒரு மூத்தவர், “எனக்கு எவனாவது மாசம் பதினஞ்சு கொடுக்கச் சொல்லுங்க வே, கோட்டைக் கழட்டாம ஜூனியரா சேந்துக்கிடுதேன்” என்றார். அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமத்துக்கு 15,000 என்று பரிந்துரை விட்டது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை. எல்லோரும் மூச்சு விட்டோம். ஜூனியர் பிள்ளை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்தச் சுற்றறிக்கையை பிரிண்ட் எடுத்து நாலாக மடித்து கேஸ் டைரிக்குள் அடையாளத் தாள் மாதிரி வைத்திருந்தது. தினமும் காலையில் அன்றைய வாய்தா பக்கத்தைத் திறக்கும்போது அது என் கண்ணில் படும். படட்டும் என்று வைத்ததா, தற்செயலா, இன்று வரை தெரியாது.

இந்த நேரத்தில்தான் விளம்பரம். “அமெரிக்காவில் முதல் வருட வக்கீல் சம்பளம் 2,25,000 டாலர்! நீங்கள் ஏன் இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்?” ஆறு மாதம், ராத்திரி 9 மணிக்கு வகுப்பு, வாரம் இரண்டு நாள், ஜி.எஸ்.டி. உட்பட 48,500, ஒன்பது மாத தவணை. தவணை மாதம் 5,000 சொச்சம், அதாவது ஜூனியர் சம்பளத்தைவிடக் கூட. இருவரும் சேர்ந்து பார்ப்போம், வெளிநாட்டு வேலை கொஞ்சம் வந்தால் அதிலிருந்தே அந்தப் பிள்ளைக்கு 15,000 கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு 2025 ஜனவரியில் பணத்தைக் கட்டினேன்.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்று சொல்ல வாயே இல்லை, ஏனென்றால் அமெரிக்கச் சம்பளம் நம் ஊர் வக்கீலிடம் எப்படி வந்து சேரும் என்பதை ஒருமுறை உள்ளே உட்கார்ந்து பார்த்தவன்.

2009 கடைசியில் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனேன். சீனியர் ஆபீசில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு, பஸ் காசுக்கு அம்மாவிடம் கை நீட்டியது போதும் என்று ஆகிவிட்டது. அப்போது எல்.பி.ஓ., அதாவது வெளிநாட்டுச் சட்ட வேலையை இங்கே செய்துகொடுக்கிற ஒரு தொழில் வந்திருந்தது. அமெரிக்க வழக்குகளின் ஈமெயில், ஒப்பந்தம், பில் எல்லாவற்றையும் இங்கே உட்கார்ந்து படித்து, ‘சம்பந்தம் உண்டு’, ‘இல்லை’, ‘வக்கீல் ரகசியம்’ என்று ஏதாவது ஒரு பட்டனை அமுக்குகிற வேலை. நைட் ஷிப்ட். சம்பளம் 18,000. முழுநேர வேலைக்குப் போவதென்றால் சன்னதை, அதாவது வக்கீல் உரிமத்தை, நிறுத்தி வைக்க வேண்டும், எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். அன்றைக்கு என் சீனியர் முகம் கொடுத்துப் பேசவில்லை. “1908-ல வ.உ.சி. கிட்ட இருந்து வெள்ளைக்காரன் சன்னதைப் பறிச்சான், அவர் அதைத் திரும்ப வாங்க எத்தனை வருஷம் நடந்தாரு, வாங்கிக் கொடுத்த வாலேஸ் துரை பேரை மகனுக்கு வாலேசுவரன்னு வச்சாரு, நீ என்னடான்னா நீயா கொண்டு போய் நீட்டுத” என்றார். ஒட்டப்பிடாரம்காரரை வைத்துத் திட்டினால் நம் ஊரில் பதில் பேச முடியாது.

அந்த வேலை எங்களுக்கு எப்படி வந்தது என்று பின்னால்தான் புரிந்தது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்கிற அமெரிக்க முதலீட்டு பேங்க் விழுந்ததும் கம்பெனிகளை வாங்குவதும் விற்பதும் நின்றது, அதில் பீஸ் பார்த்துக்கொண்டிருந்த பெரிய வக்கீல் நிறுவனங்களும் ஆட்டம் கண்டன. 1890-ல் ஆரம்பித்த ஹெல்லர் எர்மன் அந்த வருடமே கலைந்தது. 2009 பிப்ரவரி 12, ஒரே வியாழக்கிழமையில் பல நிறுவனங்கள் சேர்ந்து நூற்றுக்கணக்கில் ஆளை வீட்டுக்கு அனுப்பின. அதே மாதக் கடைசியில் லேதம் அண்ட் வாட்கின்ஸ் மட்டும் 190 வக்கீல்கள், 250 ஊழியர்கள் என்று 440 பேர். ஸ்கேடன் நிறுவனம் இன்னும் வேடிக்கை, ஒரு வருடம் ஆபீசுக்கு வராமல் இருந்தால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு தருகிறோம் என்றது, வருடத்துக்கு 80,000 டாலர் வரை. வேலைக்கு வராமல் இருக்கச் சம்பளம்! இங்கே விடிய விடிய கண் விழித்துக்கொண்டிருந்த எங்கள் ஷிப்டில் வாரக்கணக்கில் இதுதான் பேச்சு. பெரிய நிறுவனங்களில் முதல் வருடச் சம்பளம் 1,60,000 டாலராக இருந்தது, சிலர் 1,45,000-க்கு இறக்கினார்கள். அந்த 1,60,000 என்ற கோடே 2007-லிருந்து 2016 வரை மேலே நகரவில்லை.

கட்சிக்காரக் கம்பெனிகளுக்கும் கை இறுகியது. புது வக்கீல் தொழில் படிக்கிற நேரத்துக்கு நாங்கள் ஏன் மணிக்கணக்கில் பில் கட்ட வேண்டும் என்று கேட்டார்கள். சுரங்கக் கம்பெனி ரியோ டின்டோ 2009-லேயே தன் சட்ட வேலையில் ஒரு பகுதியை இந்தியாவில் இருக்கிற வக்கீல் டீமுக்கு மாற்றிக்கொண்டது. ஆக, நியூயார்க்கில் ஒரு பையனிடமிருந்து போன வேலைதான் எனக்கு வந்த வேலை. அவன் இழந்தது சம்பளம், எனக்கு வந்தது 18,000. இடையில் இருந்த காசு யாரிடம் போனது என்று கேட்கிற அறிவு அன்றைக்கு இல்லை. 2012-ல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று கம்ப்யூட்டரே டாக்குமெண்ட்டைத் தரம் பிரிப்பதை ஏற்றுக்கொண்டது, மறு வருடம் எங்கள் கேஸ் செட்டில் ஆனது, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீம் மொத்தத்தையும் கான்ஃபரன்ஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். கழுத்தில் இருந்த அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழும்பூருக்கு ஆட்டோ பிடித்தேன்.

அப்படிப்பட்டவன் 2,25,000 டாலர் ரீல்ஸைப் பார்த்துப் பணம் கட்டியிருக்கிறேன். அந்தச் சம்பளம் பொய்யில்லை. பெரிய நிறுவனங்களில் இப்போது அதுதான் தொடக்கம். ஆனால் அமெரிக்க வக்கீல்களின் தொடக்கச் சம்பளத்தைப் படம் வரைந்தால் அது இரட்டைத் திமில் ஒட்டகம் மாதிரி இருக்கும். கொஞ்சம் பேர் அந்த உயரத் திமிலில், மற்றவர்கள் வெகு கீழே இருக்கிற இன்னொரு திமிலில், நடுவில் அனேகமாக யாரும் இல்லை. விளம்பரம் ஒரு திமிலை மட்டும் காட்டும்.

சரி, கோர்ஸுக்கு வருகிறேன். பாடம் நன்றாகவே இருந்தது, அதில் குறை சொன்னால் பாவம். முதல் இரண்டு மாதம் ரகசியக் காப்பு ஒப்பந்தம், சர்வீஸ் ஒப்பந்தம், இழப்பீட்டு ஷரத்து, பொறுப்புக்கு உச்சவரம்பு. சொல்லிக் கொடுத்தவர் விஷயம் தெரிந்தவர். பின்னால் கட்டிலும் கொடியில் காய்கிற துண்டும் தெரியும், ஃபேன் சத்தம் கேட்கும், ஆனால் ஒரு ஆங்கில வாக்கியத்தில் ‘ஷால்’ (shall) எங்கே வர வேண்டும், ‘மே’ (may) எங்கே வரக்கூடாது என்று முக்கால் மணி நேரம் பேசுவார், அலுக்காது. நம் ஊர் பத்திரங்களில் ‘மேற்படி’ என்று ஒரு பக்கத்துக்கு இருபது தடவை எழுதுகிறோமே, எந்த மேற்படி என்று சண்டை வந்தால்தான் தெரியும் என்பதை எனக்கு உறைக்க வைத்தது அந்த மனிதர்தான். இரண்டு மார்க் அவருக்கு.

அவரோடு ஒத்துப்போகாத இடம் ஒன்று. “காண்ட்ராக்ட் வேலைக்கு மந்தமே கிடையாது” என்று அடிக்கடி சொன்னார். அது எப்படி? மந்தம் வந்தால் வக்கீல் வேலை நிற்காது, இடம் மாறும், அவ்வளவுதான். 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது, இரண்டு மாதத்தில் 500, 1,000 நோட்டு செல்லாமல் போனது. பாளையங்கோட்டையைச் சுற்றி பிளாட் போட்டவர்கள் அத்தனை பேரும் கையைக் கட்டி உட்கார்ந்தார்கள், என் ஒப்பீனியன் வேலை வாரத்துக்கு ஆறு என்பதிலிருந்து மாதத்துக்கு இரண்டானது. ஆனால் அடுத்த வருடம் செக் கேஸ் குவிந்தது. 138 பிரிவுக்கு என் குமாஸ்தா நோட்டீஸ் ஃபாரத்தை மனப்பாடமாகவே அடிப்பார். அமெரிக்காவிலும் அப்படித்தான், இணைப்பு வேலை பார்த்தவன் தெருவுக்கு வந்தபோது திவால் வேலை பார்த்தவன் சம்பாதித்தான். 2020-ல் கோர்ட்டே மூடியபோதுதான் இரண்டும் இல்லாமல் போனது. அந்த வருடம் எங்கள் வக்கீல் அசோசியேஷனில் ஒருவர் கோட்டை மாட்டி வைத்துவிட்டு மாம்பழம் விற்றார், நல்ல மாம்பழம்.

மூன்றாவது மாதத்திலிருந்து கோர்ஸ் இறங்கியது. ஆசிரியர் மாறினார். அசைன்மெண்ட் அனுப்பினால் மூன்று நாளில் மார்க்கும் இரண்டு வரி கருத்தும் வரும். எனக்கு வந்ததும் ஜூனியருக்கு வந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. பிள்ளைக்குச் சந்தேகம். அடுத்த தடவை ஒரு சப்ளை ஒப்பந்தத்தில் 14-வது ஷரத்துக்கு நடுவே, சப்ளையர் ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளியன்று உடன்குடி கருப்பட்டி ஒரு சிப்பம் வாங்குபவரின் பாட்டி வீட்டில் இறக்க வேண்டும், தவறினால் ஒப்பந்தம் ரத்து என்று அழகான ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியது. பத்துக்கு எட்டரை. “சிறப்பான முயற்சி, இழப்பீட்டு ஷரத்தை இன்னும் வலுப்படுத்தவும்.” அன்றைக்கு ஆபீசில் நாங்கள் சிரித்த சிரிப்பில் வெளியே உட்கார்ந்திருந்த கட்சிக்காரர் எட்டிப் பார்த்தார். கருப்பட்டிக்குப் பதில் அல்வா என்று எழுதியிருந்தால் இன்னும் பொருத்தம், ஆனால் அந்த ஜோக்கை வெளியூர்க்காரர்களுக்கு விட்டுவிட்டோம்.

வேலை வாங்கித் தரும் பகுதி என்பது ஒரு வாட்ஸ்அப் குரூப். இணையத்தில் எல்லோருக்கும் தெரிகிற வேலை விளம்பரங்களின் லிங்க் காலையில் பத்து, மாலையில் பத்து வரும். அப்புறம் ‘ப்ரொஃபைல் கட்டுவது’ பற்றி நாலு வகுப்பு. உங்கள் போட்டோ போடுங்கள், வாடிக்கையாளர் பாராட்டைப் போடுங்கள், ‘இன்றே அழையுங்கள்’ என்று எழுதுங்கள். நான் கையைத் தூக்கினேன். ஐயா, வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 36 இருக்கிறது, ஆன்லைன் தளங்களில் வக்கீல் சேவையை விற்பதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் உத்தரவே போட்டிருக்கிறது, சன்னது வைத்திருக்கிற நாங்கள் இதை எப்படிச் செய்வது? “நல்ல கேள்வி, ஆஃப்லைனில் பேசலாம்” என்றார்கள். ஆஃப்லைன் இன்னும் வரவில்லை. அமெரிக்க மாநிலத்தில் லைசென்ஸ் இல்லாதவன் அங்கே உள்ளவனுக்கு நேரடியாகச் சட்ட ஆலோசனை சொன்னால் அது அங்கே குற்றம் ஆகலாம், அங்குள்ள வக்கீலுக்குக் கீழே இருந்துதான் டிராஃப்ட் செய்துகொடுக்க முடியும் என்பதையும் 21-வது வகுப்பில் ஒரு ஸ்லைடில் பொடி எழுத்தில் காட்டிவிட்டுத் தாண்டிப் போனார்கள். இதை விளம்பரத்தில் சொல்லியிருந்தால் பாதிப் பேர் சேர்ந்திருக்க மாட்டோம்.

ஃப்ரீலான்ஸ் தளத்தில் ஒரு வேலைக்கு விண்ணப்பம் போடவே காசு கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். ஜூனியர் முப்பத்து ஏழு இடத்துக்குப் போட்டு ஒன்று கிடைத்தது. ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றைச் சரிபார்க்க 25 டாலர். நாலு ராத்திரி உட்கார்ந்து செய்தது, தளத்தின் கமிஷன், பேங்க் பிடித்தது எல்லாம் போக கைக்கு 1,760 ரூபாய். அந்தப் பணத்தை என் மேசையில் வைத்து, “சார், நம்ம முதல் டாலர்” என்றது. நான் அதைத் தொடவில்லை. பத்து நாள் கழித்து அதே ஆள் திரும்ப வந்தார். இந்தத் தடவை ஏ.ஐ.யிடம் சொல்லி ஒப்பந்தத்தை எழுதி வாங்கிவிட்டாராம், சும்மா ஒருமுறை கண்ணை ஓட்டினால் போதும், 5 டாலர். பிள்ளை படித்துப் பார்த்துவிட்டு, நன்றாகவே எழுதியிருக்கிறது, ஆனால் ஒப்பந்தம் முடிந்த பிறகும் ரகசியம் எத்தனை வருடம் என்பது இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது என்றது. அந்த ஒரு வரிக்கு எவ்வளவு கேட்பது? கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம். கடைசியில் வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டது. நான் பட்டன் அமுக்கிய காலத்தில் வேலை நியூயார்க்கிலிருந்து இறங்கிவர ஒரு மந்தம் தேவைப்பட்டது, இப்போது அது கூட வேண்டாம் போலிருக்கிறது.

உள்ளூரில் ஒரு வேலை கிடைத்தது, அதையும் சொல்ல வேண்டும். சென்னையில் ஐ.டி. வேலை போய் ஊருக்குத் திரும்பி வந்து வண்ணார்பேட்டையில் செக்கு எண்ணெய் போடுகிற தம்பி ஒருவர், ஏஜெண்டுகளோடு ஒப்பந்தம் வேண்டும் என்றார். ஜூனியரே தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றும் எழுதியது, ஒரு மேற்படி கூட இல்லை. 6,000 பேசி 3,000 கொடுத்தார். மீதிக்கு மாதாமாதம் நல்லெண்ணெய் வருகிறது.

ஆகவே யார் வாங்கலாம்? சன்னது எடுக்காமல் கம்பெனி வேலைக்கே போவது என்று முடிவு செய்தவர், ஆங்கிலம் தடுமாறாதவர், 48,500 போனால் போகட்டும் என்று சொல்லக்கூடியவர் வாங்கலாம், முதல் இரண்டு மாதப் பாடம் உதவும். கோர்ட்டில் நிற்கிறவர்கள், முக்கியமாகத் தவணையில் கட்ட நினைக்கிற ஜூனியர்கள், தயவுசெய்து வேண்டாம்.

ஐந்தாவது மாதம் ‘தகராறு தீர்வு’ பாடம். ஒப்பந்தம் படிக்கும்போது முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள், எந்த ஊர் கோர்ட், எந்த ஊர் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் விசாரணை) என்று பாருங்கள் என்றார்கள். நல்ல பாடம். அன்றைக்கு ராத்திரிதான் நான் கோர்ஸில் சேரும்போது டிக் அடித்த ஒப்பந்தத்தைத் திறந்து படித்தேன். பதினேழு வருட வக்கீல். தகராறு எதுவானாலும் ஆர்பிட்ரேஷன் டெல்லியில், கட்டிய பணம் எந்தக் காரணத்துக்கும் திரும்பாது.

அது சட்டப்படி நிற்காது. நுகர்வோர் சட்டம் 2019 வந்த பிறகு நாம் குடியிருக்கிற ஊரிலேயே கம்ப்ளைண்ட் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே எம்மார் எம்.ஜி.எஃப். வழக்கில் சொல்லிவிட்டது. எட்டரை மார்க் வாங்கிய கருப்பட்டி ஷரத்தை இணைப்பாக வைத்து, முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் அனுப்பினேன். டிராஃப்ட் ஜூனியர். இப்போது சம்பளம் 8,000 ஆக்கியிருக்கிறேன். 15,000 ஆகவில்லை. சுற்றறிக்கை இன்னும் டைரிக்குள்தான் இருக்கிறது.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. ஆங்கிலத்தில் ஆரம்பித்தார், என் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். மதுரைக்காரப் பையன் குரல். “சார், ஃபார்ட்டி பர்சென்ட் ரீஃபண்ட் பண்றோம், இதோட முடிச்சுக்கலாமா?” நாற்பதுக்கெல்லாம் முடியாது தம்பி, நீங்கள் அங்கே லீகலில் இருக்கிறீர்களா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. “ஆமா சார். நான் இந்த கோர்ஸோட முதல் பேட்ச் ஸ்டூடண்ட். எனக்குக் கிடைச்ச பிளேஸ்மெண்ட் இதுதான். ரீஃபண்ட் கேக்கறவங்களோட பேசுற வேலை.”

சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

“பதினெட்டு சார்.”

2009-ல் நான் வாங்கிய அதே பதினெட்டு. சன்னதை என்ன செய்தாய் என்று கேட்டேன். நிறுத்தி வைத்திருக்கிறானாம். கம்ப்ளைண்ட் தயாராகிவிட்டது, வருகிற திங்கட்கிழமை ஃபைல் செய்கிறோம். எதிர்த்தரப்பில் யார் பெயரைச் சேர்ப்பது என்று ஜூனியர் கேட்டபோது கம்பெனியை மட்டும் போடு என்று சொல்லியிருக்கிறேன்.